புதிய டிவியின் முதுகுப்பக்கம்: எந்தத் துளையில் எந்த வயர்?

திருகோணமலை மத்திய வீதியில் எந்த மின்சாதனக் கடைக்குள் நுழைந்தாலும் டிவிகள் எல்லாம் முகத்தைக் காட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நிற்கின்றன. நாமும் முகத்தைத்தான் பார்க்கிறோம். எத்தனை அங்குலம், எவ்வளவு தவணை, உத்தரவாதம் எத்தனை வருடம் என்று கேட்கிறோம். "தம்பி, இதைக் கொஞ்சம் திருப்பிக் காட்டுங்கள், பின்பக்கம் பார்க்க வேண்டும்" என்று கேட்பவரை நான் அபூர்வமாகவே கண்டிருக்கிறேன். வீட்டுக்குக் கொண்டுவந்து, பழைய டிவிடி பிளேயரின் மூன்று நிற வயரைக் கையில் பிடித்துக்கொண்டு, அதைச் செருக இடமே இல்லை என்று தெரியும்போதுதான் பலருக்கும் பின்பக்கத்தின் நினைவு வருகிறது.

டிவியின் பின்னாலும் பக்கவாட்டிலும் உள்ள அந்தத் துளைகளைத்தான் போர்ட் என்கிறோம். பார்க்கக் குழப்பமாக இருந்தாலும், புரிந்துகொள்ள வேண்டியவை இரண்டே. முதலாவது, திசை. சில போர்ட்கள் படத்தையோ ஒலியையோ உள்ளே வாங்குபவை. அவற்றின் அருகே 'இன்' என்று எழுதியிருக்கும். சில வெளியே அனுப்புபவை. அங்கே 'அவுட்' என்று இருக்கும். டிவியின் 'அவுட்' துளையில் டிவிடி பிளேயரின் 'அவுட்' வயரைச் செருகினால், எத்தனை ஆயிரம் ரூபாய் வயராக இருந்தாலும் திரை கறுப்புத்தான். இரண்டாவது, வேகம். அனுப்பும் பெட்டி, நடுவில் வயர், வாங்கும் போர்ட் ஆகிய மூன்றில் எது மெதுவானதோ அதன் அளவுக்கே படம் வரும். கிணற்றில் எவ்வளவு பெரிய மோட்டரைப் பூட்டினாலும் தொட்டிக்கு ஏறுவது அரை அங்குலக் குழாய் விடுகிற தண்ணீர்தானே. வயருக்குக் கொட்டும் பணம் வீணா, அவசியமா என்பதை இந்த ஒரு கணக்கை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஆகவே கடைக்குப் போகுமுன் வேலை வீட்டில் தொடங்குகிறது. டிவியோடு இணைக்கப்போகும் பொருட்களை ஒரு தாளில் எழுதுங்கள்: டிஷ் பெட்டி, டிவிடி பிளேயர், சவுண்ட்பார் (டிவிக்கு அடியில் வைக்கும் நீள ஸ்பீக்கர்) அல்லது பழைய ஆம்பிளிஃபயர், பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி, மடிகணினி, இணைய ரவுட்டர். ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டால் இன்னும் நல்லது. கடைக்காரரோடு வாய்ச்சொல்லில் மல்லுக்கட்டுவதைவிடப் படத்தைக் காட்டுவது சுலபம். இந்தத் தாள்தான் உங்களுக்கு எத்தனை போர்ட் தேவை என்று சொல்லும்.

எச்டிஎம்ஐ: முக்கியமான துளை

பரந்து தட்டையாக, கீழ்ப்பக்கத்து இரு மூலைகளும் உள்நோக்கிச் சரிந்திருக்கும் துளைதான் எச்டிஎம்ஐ. 2002 டிசம்பரில் இதன் முதல் விதிமுறை வெளிவந்தது. படமும் ஒலியும் ஒரே வயரில், டிஜிட்டலாகவே போகும் என்பதுதான் இதன் சிறப்பு. கைபேசி டார்ச்சை அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் ஒரு மெல்லிய நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் மேலும் கீழுமாக 19 தொடுமுனைகள் வரிசையாக இருக்கும். அந்த நாக்கு நேராக இருக்கிறதா, உடைந்தோ வளைந்தோ இருக்கிறதா என்பதைக் காட்சிக்கு வைத்திருந்த டிவியை வாங்குபவர்கள் கட்டாயம் பார்க்க வேண்டும். பல மாதங்களாகப் பலர் கை பட்டுச் செருகி இழுத்த டிவி அது.

எத்தனை எச்டிஎம்ஐ வேண்டும்? விலை குறைந்த டிவிகளில் பெரும்பாலும் இரண்டு இருக்கும். மூன்று, நான்கு உள்ளவையும் உண்டு. டிஷ் பெட்டிக்கு ஒன்று, சவுண்ட்பாருக்கு ஒன்று என்றாலே இரண்டும் முடிந்துவிடும். பிறகு மடிகணினியை மாட்ட வேண்டுமென்றால் ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கழற்ற வேண்டும். உங்கள் தாளில் உள்ள எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்கும் டிவியை வாங்குங்கள் என்பது என் அபிப்பிராயம். அங்குலத்தில் ஒரு படி இறங்கியாவது இதைச் செய்யலாம்.

இனி வேகத்துக்கு வருவோம். 4கே திரையில் அகலத்துக்கு 3840, உயரத்துக்கு 2160 புள்ளிகள். பெருக்கினால் ஏறத்தாழ 83 இலட்சம். ஃபுல் எச்டி திரையில் சுமார் 21 இலட்சம்தான். ஒரு புள்ளியின் நிறத்தைச் சொல்லக் குறைந்தது 24 பிட் (0 அல்லது 1 என்ற இலக்கங்கள்) தேவை. படம் ஒரு விநாடியில் 60 தடவை மாறுகிறது. எல்லாவற்றையும் பெருக்கினால் விநாடிக்குச் சுமார் 12 ஜிகாபிட் (ஒரு ஜிகாபிட் என்பது நூறு கோடி பிட்). வழியில் சேரும் மேலதிகச் சைகைகளோடு அது 18 ஜிகாபிட்டைத் தொடுகிறது. எச்டிஎம்ஐ கேபிள்களின் வகைகள் இந்தக் கணக்கைச் சுற்றியே அமைந்தவை. 'ஹை ஸ்பீட்' என்ற வகை 10.2 ஜிகாபிட் வரை தாங்கும். ஃபுல் எச்டிக்குத் தாராளம், விநாடிக்கு 30 தடவை மாறும் 4கே படத்துக்கும் போதும். 'பிரீமியம் ஹை ஸ்பீட்' 18 ஜிகாபிட். 60 தடவை மாறும் 4கே படத்துக்கு இது. 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' 48 ஜிகாபிட். 120 தடவை மாறும் 4கே படத்துக்கும் 8கே படத்துக்கும் உரியது.

கடையில் கேட்கும்போது இந்தப் பெயர்களைத்தான் கேட்க வேண்டும். "2.1 கேபிள் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லாக் கடையிலும் "இருக்கிறது" என்றுதான் பதில் வரும். 2.0, 2.1 என்பவை எச்டிஎம்ஐ விதிமுறையின் பதிப்பு எண்கள். முந்தையது 2013இலும் பிந்தையது 2017இலும் வந்தன. கேபிளின் மேல் பதிப்பு எண்ணை அச்சிட எச்டிஎம்ஐ உரிமம் வழங்கும் அமைப்பு அனுமதிப்பதில்லை. ஆகவே பொதியில் கொட்டை எழுத்தில் '2.1' என்று மட்டும் போட்டு, வகைப் பெயரோ சான்று ஒட்டியோ இல்லாமல் தொங்கும் கேபிளைச் சந்தேகத்தோடு பாருங்கள். பிரீமியம், அல்ட்ரா வகைகளின் பொதியில் கைபேசியால் ஸ்கேன் செய்து சரிபார்க்கக்கூடிய கியூஆர் ஒட்டி இருக்க வேண்டும்.

டிவியை வாங்கும்போதும் பதிப்பு எண்ணில் மயங்க வேண்டியதில்லை. 2.1 என்று போட்ட டிவி அந்தப் பதிப்பின் எல்லா வசதிகளையும் தர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. "இதில் எந்தப் போர்ட் 4கே படத்தை 120 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 120 தடவை மாறும் வேகத்தில், வாங்கும்?" என்று கேளுங்கள். பல டிவிகளில் எல்லா எச்டிஎம்ஐ போர்ட்டும் ஒரே வேகம் கொண்டவை அல்ல. வேகமானவை ஒன்றோ இரண்டோதான், அவற்றின் அருகே சிறிய எழுத்தில் எழுதியிருக்கும்.

உண்மையில் பெரும்பாலான வீடுகளுக்கு இந்த 120 ஹெர்ட்ஸ் சங்கதியே தேவையில்லை. செய்தியும் நாடகமும் கிரிக்கெட்டும் டிஷ் பெட்டி வழியாகப் பார்க்கும் குடும்பத்துக்கு அலுமாரியில் கிடக்கும் பழைய ஹை ஸ்பீட் கேபிளே போதுமானது. அல்ட்ரா கேபிள் தேவைப்படுவது பிளேஸ்டேஷன் 5 போன்ற விளையாட்டுப் பெட்டி உள்ளவர்களுக்குத்தான். அதோடுகூட ஒரு கேபிள் பெட்டிக்குள்ளேயே வருகிறது. டிவிக்கு உள்ளேயே இருக்கும் யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் செயலிகளைப் பார்க்கவோ எச்டிஎம்ஐ கேபிளே வேண்டாம்.

"விலை கூடிய கேபிள் போட்டால் நிறம் இன்னும் துலங்கும்" என்பது விற்பனையாளர் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. டிஜிட்டல் சைகையில் அப்படி ஒன்றும் நடப்பதில்லை. கேபிள் தாங்கினால் படம் முழுமையாக வரும். தாங்காவிட்டால் திரையில் வெண்புள்ளிகள் மினுங்கும், படம் ஒரு கணம் கறுத்துத் திரும்பும், ஒலி விட்டு விட்டு வரும், அல்லது படமே வராது. நிறம் மங்குவது கேபிளின் கோளாறு அல்ல. மினுக்கம் தெரிந்தால், அனுப்பும் பெட்டியின் அமைப்பில் போய் 4கே என்பதை ஃபுல் எச்டிக்குக் குறைத்துப் பாருங்கள். மினுக்கம் நின்றுவிட்டால் கேபிள்தான் மூவரில் மெதுவானவர்.

நீளமும் இதே கணக்கில் சேரும். 2 மீட்டர் கேபிளில் சிக்கலில்லாமல் ஓடும் 18 ஜிகாபிட், செம்புக் கம்பியில் 5 மீட்டரைத் தாண்டும்போது தடுமாறத் தொடங்கும். மண்டபத்தில் புரொஜெக்டர் வரை 15 மீட்டர் இழுக்க வேண்டியிருந்தால் ஒளியிழை எச்டிஎம்ஐ கேபிளைப் பாருங்கள். அதற்கு ஒரு திசை உண்டு. பெட்டிப் பக்கம் எது, திரைப் பக்கம் எது என்று இரு தலைகளிலும் எழுதியிருக்கும். தலைகீழாகப் போட்டுச் சுவருக்குள் புதைத்துவிட்டால் மேசன் வேலையை மறுபடி தொடங்க வேண்டியதுதான்.

எல்லாம் சரியாகப் பொருத்தியும் 4கே வரவில்லையா? டிவியின் அமைப்புக்குள் ஒரு பூட்டு இருக்கக்கூடும். சாம்சங்கில் 'இன்புட் சிக்னல் பிளஸ்', எல்ஜியில் 'எச்டிஎம்ஐ டீப் கலர்', சோனியில் 'என்ஹான்ஸ்டு ஃபார்மட்' என்ற பெயரில் அது இருக்கும். போர்ட்டின் முழு வேகத்தையும் திறந்துவிடும் அமைப்பு இது.

ஒலி வெளியே போகும் வழி

டிவிகள் மெலிந்துகொண்டே போக, அவற்றின் ஸ்பீக்கர்களும் மெலிந்துவிட்டன. எனவே சவுண்ட்பார் வாங்குகிறோம். அதற்கான நல்ல வழி, எச்டிஎம்ஐ போர்ட்களில் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதியிருக்கும் ஒன்று. மற்ற எச்டிஎம்ஐ போர்ட்கள் ஒலியை உள்ளே வாங்க மட்டும் செய்யும்; இந்த ஒன்று அதே வயரில் ஒலியை வெளியேயும் அனுப்பும். 2009இல் வந்த 1.4 பதிப்போடு ஏஆர்சி அறிமுகமானது. சவுண்ட்பாரை வேறு எச்டிஎம்ஐயில் செருகிவிட்டு "சத்தம் வரவில்லை, பார் பழுது" என்று கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறவர்கள் உண்டு. சரியான போர்ட்டில் செருகியும் வராவிட்டால், டிவியின் அமைப்பில் சிஇசி என்ற வசதி இயங்குகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு நிறுவனமும் அதற்குத் தனக்கொரு பெயர் வைத்திருக்கிறது. சாம்சங்குக்கு எனிநெட் பிளஸ், எல்ஜிக்கு சிம்ப்லிங்க், சோனிக்கு பிராவியா சிங்க். ஒரே ரிமோட்டில் டிவியும் பாரும் இயங்குவதும் இதன் உபயம்தான்.

ஏஆர்சி இல்லாத பாருக்கு 'ஆப்டிகல்' துளை இருக்கிறது. சிறிய சதுர மூடி. டிவி ஓடும்போது உள்ளே சிவப்பு ஒளி தெரியும். தோஷிபா நிறுவனம் 1983இல் கொண்டுவந்த முறை இது. கேபிளின் இரு நுனிகளிலும் மணி அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். அதைக் கழற்றாமல் செருக முயன்று துளையின் மூடியை உடைத்துவிடாதீர்கள். இந்தக் கேபிளைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது. சுற்றிவர ஆறு ஸ்பீக்கர்களுக்கான 5.1 டொல்பி டிஜிட்டல் ஒலி வரை இது சுமக்கும். தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவதுபோல் தரும் அட்மொஸ் வேண்டுமானால் எச்டிஎம்ஐ வழிதான்.

பழைய ஆம்பிளிஃபயரையும் பெரிய ஸ்பீக்கர் பெட்டிகளையும் விட மனமில்லாதவர்கள் (நானும் அந்தக் கட்சி) டிவியில் ஹெட்ஃபோன் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பக்கம் ஹெட்ஃபோன் பின், மறுபக்கம் சிவப்பு, வெள்ளை முனைகள் உள்ள சாதாரண வயர் போதும். அந்தத் துளை இல்லாமல் ஆப்டிகல் மட்டும் இருந்தால், டிஜிட்டல் ஒலியை அனலாக் ஆக்கும் சிறு பெட்டி ஒன்றை இடையில் மாட்ட வேண்டும். அப்போது டிவியின் ஒலி அமைப்பைப் 'பிசிஎம்' என்று மாற்றாவிட்டால் ஸ்பீக்கரில் இரைச்சலோ மௌனமோதான் வரும்.

மூன்று நிற வயரின் கதி

மஞ்சள் படம், வெள்ளை இடது ஒலி, சிவப்பு வலது ஒலி. இந்த ஏவி வயரை அறியாத வீடு இல்லை. புதிய டிவிகளில் அந்த மூன்று துளைகளுக்குப் பதிலாக ஹெட்ஃபோன் துளை போன்ற ஒன்றே ஒன்று இருந்து, பெட்டிக்குள் ஒரு குட்டி இணைப்பு வயர் வரலாம். அந்தக் குட்டி வயரைத் தொலைக்காதீர்கள். கடையில் அதே போல் தெரியும் இன்னொன்றை வாங்கினால் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதமில்லை. பின்னில் உள்ள நான்கு வளையங்களில் எது படம், எது ஒலி, எது தரை என்ற ஒழுங்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். மாறிப்போனால் ஸ்பீக்கரில் ஊளைச் சத்தம் கேட்கும், படம் வராது. சில டிவிகளில் 'கொம்போனண்ட்' என்ற வேறொரு பட வழிக்கான பச்சைத் துளையைச் சுற்றி மஞ்சள் வளையமும் இருக்கும். அங்கே மஞ்சள் முனையைச் செருகலாம். படம் கறுப்பு வெள்ளையாக வந்தால் ரிமோட்டில் 'கொம்போனண்ட்' என்பதை விட்டு 'ஏவி' என்பதைத் தெரிவு செய்யுங்கள், நிறம் திரும்பிவிடும்.

ஏவி துளையே இல்லாத டிவியென்றால், ஏவியிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சிறு பெட்டி வாங்கலாம். இங்கேயும் திசைதான் பிரச்சினை. 'ஏவியிலிருந்து எச்டிஎம்ஐ', 'எச்டிஎம்ஐயிலிருந்து ஏவி' என்ற இரண்டு பெட்டிகளும் பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கலியாண வீடியோவை 55 அங்குலத்தில் போட்டுவிட்டு மங்கலாக இருக்கிறதே என்று வயரைக் குறை சொல்லவும் வேண்டாம். நம் நாட்டு பிஏஎல் என்ற அனலாக் ஒளிபரப்பு முறையில் மொத்தம் 625 கோடுகள். திரையில் தெரிவது 576. ஏவி வயர் தரக்கூடியது அவ்வளவே.

அன்டெனாவும் டிஷ்ஷும்

அன்டெனாத் துளையும் டிஷ் துளையும் ஒரே குடும்பம் போலத் தெரியும், வேலை வேறு. வழுவழுப்பான உருளைக்குள் நேராகச் செருகுவது அன்டெனா; மரை சுற்றிய திருகாணி வகை டிஷ்ஷுக்கு. இரண்டுக்கும் 75 ஓம் கோஆக்சியல் வயரைத்தான் வாங்க வேண்டும்; ஆர்ஜி-6 என்று வயரின் உடம்பிலேயே அச்சிட்டிருக்கும். டிஷ்ஷிலிருந்து இறங்கும் வயரில் 13 அல்லது 18 வோல்ட் மின்சாரமும் ஓடுகிறது. டிஷ்ஷின் முனையில் உள்ள கருவிக்குப் பெட்டிதான் அந்த மின்சாரத்தைக் கொடுக்கிறது. ஆகவே அது போக வேண்டிய இடம் டிஷ் பெட்டி. டிவியின் அன்டெனாத் துளையில் அதைத் திணிக்கப் பார்க்காதீர்கள். பெட்டியின் மின்சாரத்தை நிறுத்திவிட்டு மட்டும் திருகிக் கழற்றுங்கள்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் டிவி பற்றி இங்கேயே ஒரு வார்த்தை. இலங்கை 2014இல் தரைவழி டிஜிட்டல் ஒளிபரப்புக்கு ஜப்பானிய ஐஎஸ்டிபி-டி முறையைத் தெரிவு செய்தது. ஐரோப்பியச் சந்தைக்கான டிவிகளில் டிவிபி-டி2 என்ற வேறு முறை. கனடா, அமெரிக்க டிவிகளில் ஏடிஎஸ்சி என்ற இன்னொன்று. எச்டிஎம்ஐ உலகமெங்கும் ஒன்றே, அன்டெனா வழி நாட்டுக்கு நாடு வேறு. கனடாவிலிருந்து வந்த டிவியென்றால் எல்லாவற்றுக்கும் முன் பின்பக்கத்து ஒட்டியில் வோல்ட் அளவைப் பாருங்கள். '100-240' என்று இருந்தால் சரி. '120' என்று மட்டும் இருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் மாட்டிய கணத்தில் போய்விடும்.

மீதித் துளைகள் எளியவை. யூ.எஸ்.பி. துளை பென்டிரைவுக்கு, 'எச்டிடி' என்று எழுதியது இருந்தால் வன்தட்டை அதில் மாட்டுங்கள், அதில் மின்னோட்டம் கூடுதல். பென்டிரைவ் ஃபேட்32 என்ற கோப்பு முறையில் இருந்தால் 4 ஜிகாபைட்டைவிடப் பெரிய படக்கோப்பை அதில் ஏற்றவே முடியாது. அது டிவியின் குறை அல்ல. ரவுட்டரிலிருந்து வரும் இணைய வயருக்கான லேன் துளை பெரும்பாலான டிவிகளில் 100 மெகாபிட் வேகம்தான். நெட்ஃபிளிக்ஸ் 4கே படத்துக்குக் கேட்பது 15 மெகாபிட் என்பதால் அது தாராளம். ரவுட்டர் பக்கத்தில் இருந்தால் வைஃபையைவிட வயர் நிம்மதி.

உப்புக் காற்றும் இடியும்

தங்கமுலாம் பூசிய தலை படத்தை அழகாக்காது என்பது மேலே சொன்ன கணக்கிலேயே அடங்கும். ஆனால் நம் ஊரில் தங்கமுலாமுக்கு வேறொரு வேலை இருக்கிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கடலைப் பார்த்த வீட்டில் பழைய ஏவி வயரின் தலையை உருவிப் பாருங்கள். உலோகத்தின் விளிம்பில் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். விரலில் தேய்த்தால் மா போல ஒட்டும். வாடைக்காற்றுக் காலத்தில் கடலின் தூவானம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறது. செம்பும் பித்தளையும் உப்பு ஈரத்தில் அரிக்கப்படும், தங்கம் அரிக்கப்படாது. ஆகவே கண்டியில் வீண் செலவு என்று நான் சொல்லக்கூடிய தங்கமுலாம் தலைக்குத் திருமலையில் சில நூறு ரூபாய் கூடக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. ஆயிரக்கணக்கில் கொடுப்பதில் இல்லை. முலாமின் தடிப்பு முடியளவுகூட இராது.

பாவிக்காத துளைகளுக்கு ரப்பர் மூடிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டு மூடுங்கள். சில மாதங்களுக்கு ஒருமுறை, மின்சாரத்தை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தலையையும் உருவி மறுபடி செருகினாலே தொடுமுனையில் படிந்த மெல்லிய அழுக்கு உரசிப் போய்விடும். பச்சை பிடித்த வயரைச் சுரண்டிக்கொண்டிராமல் மாற்றிவிடுங்கள். கூரையிலிருந்து இறங்கும் டிஷ் வயருக்கு, ஜன்னலுக்குள் நுழையுமுன் கீழ்நோக்கி ஒரு வளைவு விடச் சொல்லுங்கள். மழைநீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும், வயரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வராது.

இடி இன்னும் பெரிய விஷயம். பங்குனி, சித்திரையிலும் ஐப்பசி, கார்த்திகையிலும் பின்னேரங்களில் இடி முழங்கும்போது நம்மவர்கள் பிளக்கைக் கழற்றிவிட்டுக் காரியம் முடிந்ததென்று இருந்துவிடுகிறார்கள். மின்னலின் அதிர்வு வருவது சுவர்ப் பிளக் வழியாக மட்டும் அல்ல. கூரையில் நிற்கும் டிஷ்ஷின் வயர், அன்டெனா வயர், ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயர் எல்லாம் அதற்கு வாசல்தான். டிஷ் வயர் வழியாகப் பெட்டிக்குள் வந்து, பெட்டியிலிருந்து எச்டிஎம்ஐ வழியாக டிவிக்குள் போய், எச்டிஎம்ஐ போர்ட்டை மட்டும் எரித்துவிட்டுப் போவதும் உண்டு. டிவி ஓடும், யூடியூப் ஓடும், ஆனால் எந்தப் பெட்டியை மாட்டினாலும் 'சிக்னல் இல்லை' என்று வரும். பிளக்கோடு சேர்த்து டிஷ் வயரையும் லேன் வயரையும் கழற்றி டிவியிலிருந்து தள்ளி வையுங்கள். இடி தொடங்குமுன் செய்யுங்கள், தலைக்கு மேல் முழங்கும்போது வயரைத் தொடாதீர்கள். ஆப்டிகல் கேபிள் மட்டும் இதில் விதிவிலக்கு; அதில் போவது ஒளி, மின்சாரம் அல்ல.

இடி இல்லாத நாளிலும், டிஷ் வயரின் உலோகத் தலையைத் தொடும்போது விரல் நுனியில் மெல்லிய சுளீர் உணர்வு வருவதைப் பலர் அனுபவித்திருப்பீர்கள். தரை இணைப்பு இல்லாத இருமுள் பிளக் சாதனங்களின் உடலில் சிறு கசிவு மின்னோட்டம் இருப்பதுதான் காரணம். பெரும்பாலும் ஆளுக்கு ஆபத்தில்லாத அளவு அது. எச்டிஎம்ஐ போர்ட்டுக்குள் இருக்கும் நுண்ணிய சில்லுக்கு அப்படிச் சொல்ல முடியாது. அதனால் எந்த வயரைச் செருகுவதானாலும் முதலில் எல்லாப் பிளக்கையும் கழற்றுங்கள், பிறகு வயர்களைப் பொருத்துங்கள், கடைசியில் மின்சாரம். டிவி, டிஷ் பெட்டி, சவுண்ட்பார் மூன்றையும் தரை இணைப்புள்ள ஒரே எக்ஸ்டென்ஷனில் மாட்டுவது நல்லது. உணர்வு பலமாக இருந்தால் வீட்டுத் தரை இணைப்பையும் ட்ரிப் சுவிட்ச்சையும் மின்னியலாளரைக் கொண்டு பார்ப்பது அவசியம்.

சுவரில் மாட்டுபவர்களுக்கு

டிவியைச் சுவரில் மாட்டப் போகிறீர்களானால் போர்ட்கள் எந்தத் திசையை நோக்கியிருக்கின்றன என்று கடையிலேயே பாருங்கள். நேராகப் பின்னோக்கியிருந்தால் கேபிளின் தலை சுவரில் முட்டும். முட்டி முட்டி உள்ளே இருக்கும் அந்த நாக்கு முறியும். பக்கவாட்டையோ கீழ்ப்பக்கத்தையோ நோக்கிய போர்ட்கள் வசதியானவை. வழியில்லாவிட்டால் எல் வடிவத் தலை உள்ள கேபிளை வாங்குங்கள். அது மேலே வளையும் வகையா, கீழே வளையும் வகையா என்று பார்த்து வாங்க வேண்டும்.

புது வீடு கட்டுபவர்கள் பூச்சுக்கு முன் சுவருக்குள் ஒரு வெற்றுக் குழாயைப் பதிக்கச் சொல்லலாம். மின்வயருக்குப் போடும் முக்கால் அங்குலக் குழாயில் எச்டிஎம்ஐ தலை நுழையாது. ஒன்றரை அங்குலம் போடுங்கள், முழங்கை வளைவுகளைத் தவிருங்கள், உள்ளே ஒரு நைலோன் கயிற்றை விட்டு வையுங்கள். கேபிளையே பூச்சுக்குள் புதைக்க வேண்டாம். இன்றைய வேகம் நாளைக்குப் போதாமல் போகும்போது கயிற்றில் கட்டி இழுத்துப் புதியதைப் போட்டுக்கொள்ளலாம். மின்சார வயரும் இந்தக் குழாயும் வேறு வேறாக இருக்கட்டும்.

கடையில் பணம் கொடுக்குமுன் ஒரே ஒரு பரிசோதனை. இயங்கும் பெட்டி ஒன்றை, பிளக்கை நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டிலும் மாற்றிச் செருகிக் காட்டச் சொல்லுங்கள். பென்டிரைவ் ஒன்றைக் கொண்டுபோய் யூ.எஸ்.பி. துளைகளையும் பாருங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால், "ஐயா, பின்னால் நிலாவெளியிலிருந்து இதைத் திரும்பக் கட்டிக்கொண்டு வர முடியாதே" என்று சொல்லுங்கள்; பெரும்பாலும் சிரித்துக்கொண்டே செய்து காட்டுவார்கள். பில்லில் டிவியின் மாதிரி எண்ணும் தொடர் எண்ணும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மின்னலால் வந்த சேதத்தையும் உத்தரவாதம் ஏற்குமா என்று அதே இடத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஏற்காது என்றே பதில் வரும். கேபிளின் பொதியையும் அந்த கியூஆர் ஒட்டியையும் பில்லோடு வைத்திருங்கள். மினுக்கம் வந்தால் மாற்றிக் கேட்க அதுதான் கையில் இருக்கும் சாட்சி.